கடலிலிருந்து தெரியும் கரை

எங்கள் குப்பத்தில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. கடலை வைத்துத்தான் பிழைக்கிறோம். கடலைப் பார்த்தபடி சமைக்கிறோம், கடல் சத்தத்தில் பிள்ளை பெறுகிறோம், மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரைக்கும் நடக்கிறோம். ஆனால் கட்டுமரத்தில் பெண்ணின் கால் படக் கூடாது. பட்டால் கடலம்மா கோபித்துக்கொண்டு மீனையெல்லாம் மடியில் கட்டி எடுத்துக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுவாள். சின்ன வயதில் இதை நான் கேள்வி கேட்டதே இல்லை. மணலில் நடந்தால் கால் புதையும் என்பது போல அதுவும் ஒன்று.

கேள்வி கேட்க வைத்தவன் என் அண்ணன்தான். அப்பா மஞ்சள் காமாலையில் போன பிறகு வீட்டுக்கு அவன்தான் ஆண். அவன் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. அம்மாவும் ஏறியதில்லை. "இது ஒண்ணாவது படிக்கட்டும்" என்று என்னை அனுப்பியவன் அவன். குப்பத்துப் பெண்கள் சிரித்தார்கள். "படிச்சிட்டு இன்னா, மீனுக்கு இங்கிலீசுல வெல சொல்லப் போவுதா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா கூடையைத் தூக்கிக்கொள்வாள். அண்ணன்தான் சொல்வான்: "சொல்லட்டுமே. வெள்ளக்காரன் வந்து மாமல்லபுரத்துல சுத்திக்கினுதான கீறான். அவன்கிட்ட விக்கும்."

அவன் கடலிலிருந்து திரும்பி வந்து, கஞ்சியைக் குடித்துக்கொண்டே கதை சொல்வான். ஒரு நாள் நான் விடியற்காலையில் சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு வந்து அவனிடம் அளந்துகொண்டிருந்தேன். அவன் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"நீங்கல்லாம் கரையில நின்னுகினு சூரியன் வர்றதப் பாக்குறீங்க. அது இன்னா பெரிய விசயம்? நாங்க அதோட வெளிச்சம் எங்க வுழுதுன்னு பாக்குறோம்."

பிறகு சொன்னான். கடலில் இருந்துகொண்டு கரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால், முதலில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தின் தலை சிவக்குமாம். அப்புறம் கடற்கரைக் கோயிலின் இரண்டு உச்சி. அப்புறம் பனைமரங்கள், ஒவ்வொன்றாக. சவுக்குத் தோப்பு கடைசி வரை கறுப்பாகவே இருந்துவிட்டு, ஒரே நொடியில் பற்றிக்கொள்ளுமாம். எல்லாவற்றுக்கும் பிறகு எங்கள் குடிசைகள். கூரைக்கு மேலே எழும்பும் அடுப்புப் புகை பொன்னாகத் தொங்குமாம்.

"அந்த நேரத்துல நம்ம வூடுகூட கோயிலு மாதிரி கீது. வலை இழுக்கக் கை வராது. கும்புடத்தான் தோணும்."

எங்கள் கூரை ஒழுகும் கூரை. அது கோயில் மாதிரி தெரியும் இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது, அங்கே நான் போக முடியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

உயர்நிலைப் பள்ளிக்குச் செங்கல்பட்டு போனேன். விடுதியில் தங்கிப் படித்தேன். பத்தாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் எடுக்கப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். இளம் வயது, அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மற்ற டீச்சர்கள் கையில் பிரம்பு இருக்கும், இவர் கையில் எப்போதும் ஏதாவது ஒரு இலையோ பூவோ இருக்கும். ஒரு சாயங்காலம் எங்களையெல்லாம் கொளவாய் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரயில் ஒன்று ஏரியை ஒட்டிப் போனது. தண்ணீரில் வானம் முழுவதும் கிடந்தது. கொக்குகள் கூட்டமாக வந்து இறங்கின.

"கடவுளைப் பார்க்கணும்னா கோயிலுக்குத்தான் போகணும்னு இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தாப் போதும். இவ்வளவு அழகைச் செஞ்சவர் எவ்வளவு பெரியவரா இருக்கணும்! உங்கள்ல யார் அப்படி எதையாவது பார்த்திருக்கீங்க, சொல்லுங்க" என்றார்.

யாரோ மலை என்றார்கள், யாரோ மழை என்றார்கள். நான் எழுந்து அண்ணன் சொன்னதைச் சொன்னேன். கலங்கரை விளக்கத்தின் தலை, கோயிலின் உச்சி, பனை, சவுக்கு, எங்கள் கூரைப் புகை. வரிசை தப்பாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் டீச்சர் என் பக்கத்தில் வந்தார். பிறகு, "நீ பார்த்திருக்கியா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். எங்கண்ணன் பார்த்திருக்கான்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அப்ப கடவுளை அவங்கண்ணன்தான் பார்த்திருக்காரு டீச்சர்!" என்று ஒருத்தி சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, "நீ ஒரு நாள் போய்ப் பார்க்கணும். பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்" என்றார்.

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த பொங்கல் லீவில் ஊருக்குப் போனதும் அண்ணனிடம் கேட்டேன். கட்டுமரத்தைக் கரையில் ஏற்றிக் கட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முதலில் சிரித்தான். நான் நகராமல் நின்றேன்.

"உனக்கு இன்னா மறை கழண்டுகிச்சா? பொம்பள மரத்துல ஏறுறதாவது."

"பொம்பளைங்க படிக்கிறதாவதுன்னுகூடத்தான் சொன்னாங்க."

அவனுக்கு அது பிடித்துவிட்டது. யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். "சரி. நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணு. இந்தக் குப்பத்துல எந்தப் பொட்டப் புள்ளையும் செய்யாதத நீ செஞ்சா, எந்தப் பொட்டப் புள்ளையும் பாக்காதத நான் காட்டுறேன்."

"சத்தியமா?"

எங்கள் ஆட்கள் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தால்கூட மீறலாம். கட்டுமரத்தில் கை வைத்துச் சொன்னால் மீற மாட்டார்கள். அண்ணன் ஈர மரத்தின் மேல் உள்ளங்கையைப் பதித்து, "மரத்து மேல சத்தியம்" என்றான்.

அதற்குப் பிறகு நான் படித்த படிப்பு எல்லாம் அந்த மரத்துக்காகத்தான். கணக்கு எனக்கு வராது. விடுதிக் கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு போட்டுப் போட்டுப் பழகினேன். டீச்சரிடமும் அண்ணனின் சத்தியத்தைச் சொல்லியிருந்தேன். அவர் அதை ஒரு திருவிழாவைப் போல விசாரித்துக்கொண்டே இருப்பார். "அண்ணன் கடைசி நேரத்தில் மாட்டேன்னு சொன்னா என்கிட்ட சொல்லு. நானே வந்து பேசறேன்" என்பார்.

பாஸ் செய்தேன். பேப்பரில் என் நம்பரைப் பார்த்ததும் அம்மா, தான் வாசிக்க முடியாத அந்தப் பேப்பரை வீடு வீடாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். சிரித்த பெண்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். அண்ணன் மாமல்லபுரத்துக்குப் போய் எனக்கு ஒரு தாவணி வாங்கி வந்தான். தாவணி வாங்கி வந்தானே தவிர மரத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்டால் காற்று சரியில்லை என்றான். இன்னொரு நாள் நீரோட்டம் சரியில்லை. இன்னொரு நாள் மரத்தின் கட்டு தளர்ந்துவிட்டது. எல்லாம் எனக்கு மட்டும்தான் சரியில்லை. அவன் தினமும் போய் வந்துகொண்டுதான் இருந்தான்.

சான்றிதழ் வாங்கச் செங்கல்பட்டு போனபோது டீச்சரிடம் இதைச் சொல்லி அழாத குறையாக நின்றேன். "கவலைப்படாதே. வர சனிக்கிழமை நானும் எங்க வீட்டுக்காரரும் மாமல்லபுரம் வரோம். உங்க வீட்டுக்கு வந்து உங்கண்ணன்கிட்ட நானே கேக்கறேன்" என்றார்.

சொன்னபடி கணவரோடு வந்தார். ஒரு டீச்சர் எங்கள் குப்பத்து மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டைத் தேடி வந்ததை நினைத்தால் அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. அம்மா வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தாள். டீச்சர் சைவம். கணவர், "நான் சைவம் இல்லீங்க" என்று தட்டை இழுத்துக்கொண்டார். அம்மா டீச்சருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் மறுபடி மறுபடி காப்பி போட்டாள்.

டீச்சர் அண்ணனிடம் நேராகவே கேட்டார். "நாளைக்குக் காலையில இவளைக் கூட்டிட்டுப் போறீங்கதானே? சத்தியம் பண்ணியிருக்கீங்களாமே?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "அதுக்கின்னாங்க டீச்சரம்மா, பாத்துக்கலாம்."

"எனக்கும் பார்க்கணும்னு ஆசைதான். நானும் வரலாமா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அவனிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. படித்த ஒரு அம்மாள், சலவைப் புடவையில், எங்கள் பாயில் உட்கார்ந்துகொண்டு வரலாமா என்று கேட்கிறாள். "தாராளமா வாங்க" என்றான். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. டீச்சரே வந்தால் என்னை யார் தடுப்பார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் மாமல்லபுரத்தில் தங்கிவிட்டு, இருட்டு கலையும் முன்பே கரையோடு நடந்து வந்துவிட்டார்கள். நான் தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு மரத்தடியில் நின்றேன். அண்ணனும் அவன் கூட்டாளியும் மரத்தை அலைக்குத் தள்ளினார்கள். டீச்சரின் கணவர் அந்தக் கட்டைகளைப் பார்த்துவிட்டு, "இதுலயா? எனக்கு பஸ்லயே வாந்தி வரும், நான் வரலப்பா" என்று பின்வாங்கிவிட்டார். டீச்சரை அண்ணன் கையைப் பிடித்து ஏற்றினான். அவர் புடவையைச் சுருட்டிக்கொண்டு, பயமும் சிரிப்புமாக நடுக்கட்டையில் உட்கார்ந்தார். அடுத்து நான் காலை எடுத்து வைத்தேன்.

அண்ணன் துடுப்பைக் குறுக்கே நீட்டினான்.

"நீ வேணாம்."

"இன்னா?"

"நீ வேணாம்னு சொல்றேன். கரையில நில்லு."

"மரத்து மேல சத்தியம் பண்ணியே."

"பண்ணேன். அப்ப தெரில." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஊரே பாத்துகினு கீது."

"டீச்சர் மட்டும் பொம்பள இல்லியா?"

"அவங்க வெளியூரு. கடலம்மா அவங்கள கணக்குல வெக்க மாட்டா. நீ இந்த மண்ணு. உன் காலு பட்டா அது வேற."

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவள் வராவிட்டால் நானும் வரவில்லை என்று அவர் இறங்கிவிடுவார் என்றுதான் அந்த நொடி வரை நம்பினேன். அவர் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தார். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"சரி விடும்மா. ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குதே, நாம என்ன பண்றது? நான் பார்த்துட்டு வந்து உனக்குச் சொல்றேன்" என்றார்.

மரம் அலையைத் தாண்டிப் போனது. கரையில் நானும் டீச்சரின் கணவரும் நின்றோம். அவர் கையில் டீச்சரின் செருப்பு இருந்தது.

"நீ ஏம்மா போகல? பயமா?" என்று கேட்டார்.

"பயமெல்லாம் இல்ல சார்."

"பின்ன?"

"நான் இந்த ஊரு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல பொண்ணு. பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்றார்.

சூரியன் வந்தது. அன்று வந்த மாதிரி அது என்றைக்கும் வந்ததில்லை. மேகத்துக்குக் கீழே ஒரு கோடு முதலில் சிவந்தது, பிறகு தண்ணீர் முழுவதும் செம்பு உருக்கி ஊற்றினது போல ஆனது. அந்தச் செம்பில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டையாக என் அண்ணனின் மரம் ஏறி இறங்கியது. நான் அழகில்லை என்று நினைக்க முயன்றேன். முடியவில்லை. என்னை ஏமாற்றிவிட்டுப் போனவர்களைத்தான் அவ்வளவு அழகாகக் காட்டினான் கடவுள். வெளிச்சம் என் முகத்தைத் தொட்டுவிட்டு என்னைத் தாண்டிப் பின்னால் போய், எங்கள் கூரைகளின் மேல் விழுந்துகொண்டிருக்கும். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பிடிவாதமாகத் திரும்பாமல் நின்றேன்.

திரும்பி வந்தபோது டீச்சரின் புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. கண்ணும் நனைந்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அடி, சொல்ல முடியலடி. கடவுள் இருக்கார். அவ்வளவுதான் சொல்ல முடியும். கடவுள் இருக்கார்."

"முதல்ல எது சிவந்துச்சு டீச்சர்?" என்று கேட்டேன்.

"எது?"

"கலங்கரை விளக்கம் முதல்லயா, கோயில் முதல்லயா?"

"அதெல்லாம் கவனிக்கலம்மா. எல்லாம் ஒரே பொன்னு."

எங்கண்ணன் சொல்லக் கேட்டே எனக்கு வரிசை தெரியும். நேரில் போய்ப் பார்த்தவருக்குத் தெரியவில்லை. அவர் பஸ் ஏறும்போது, "உன்னாலதான் இது கிடைச்சுது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிந்தது.

அன்று மத்தியானம் அண்ணனிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். அவன் வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணா?"

"புரிஞ்சிக்க. நீ ஏறி, நாளைக்கு வலையில ஒண்ணும் வுழலன்னு வெச்சிக்கோ. ஆயுசுக்கும் உன்னைச் சொல்வாங்க. உன்னை எவன் கட்டுவான்? அந்தம்மாவச் சொன்னா இன்னா? அவங்க பஸ் ஏறிப் போயிட்டாங்க. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

அதில் நியாயம் இருந்தது. எனக்காகத்தான் சத்தியத்தை மீறினான் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடிந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

ஆனால் கடல் அவன் சொன்ன மாதிரியே செய்தது. டீச்சர் வந்துபோன பிறகு மீன் நின்றுவிட்டது. எங்கள் மரத்துக்கு மட்டும் இல்லை, குப்பம் முழுவதற்கும். போனவர்கள் வெறும் வலையோடு வந்தார்கள். அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். வாரம் போய் இன்னொரு வாரமும் போனது. கிணற்றடியில் பேச்சு ஆரம்பித்தது.

"பொம்பளய மரத்துல ஏத்துனா வேற இன்னா ஆவும்?"

"அந்த டீச்சரம்மாவ இட்டாந்தது யாரு?"

"அதான், படிச்ச மகராசி."

ஊர்ப் பெரியவர்கள் அம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். எங்கள் வீட்டைக் கூப்பிட்டார்கள். அண்ணன் முன்னால் உட்கார்ந்தான். நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் நின்றோம். ஊர்த் தலைவரான நாட்டார் அண்ணனைக் கேட்டார்: "மரம் உன்னுதுதானே? பொம்பளய ஏத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றால் அவன் கொஞ்ச காலம் மரம் தள்ளக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவார்கள். அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வெளியூர் ஆளை ஏற்றியது அவன்தான். கூப்பிட்டதும் அவன்தான், தாராளமா வாங்க என்று. என்னை ஏற்றாமல் துடுப்பைக் குறுக்கே நீட்டியவன், என் மேல் பழி வரக் கூடாது என்று சொன்னவன், இப்போது என்ன சொல்லப் போகிறான் என்று நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தங்கச்சி சொல்லிச்சி" என்றான். "டீச்சரம்மாவ இட்டுனு போ, இட்டுனு போன்னு ஒரே பேஜாரு. படிச்ச பொண்ணு பேச்சத் தட்ட முடில."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "படிக்க வெச்சா வூட்ல அதிகாரம் கை மாறிடும்னு அப்பவே சொன்னேன்."

நான், "நான் மரத்துல ஏறவே இல்ல" என்றேன். கூட்டத்தில் பெண் பேசக் கூடாது. பேசினேன்.

"இட்டாந்தது நீதானே?" என்றார் நாட்டார்.

இட்டாந்தது நான்தான். அண்ணன் திரும்பவில்லை. அவன் கழுத்தில் வியர்வை ஓடுவது மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடியலில் நான் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கடலில் இறங்க வேண்டும் என்று முடிவானது. வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை அலையில் ஊற்றி, "தெரியாமல் செய்துவிட்டேன் தாயே, பொறுத்துக்கோ" என்று கடலம்மாவிடம் கேட்க வேண்டும். வேறு எதுவும் இல்லை. அடிக்கவில்லை, தண்டம் போடவில்லை. எங்கள் ஊர் கொடுமையான ஊர் இல்லை. அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். "ஒரு நிமிசம்டி. சொல்லிட்டு வந்துடு. ஊரு வாய மூடிக்கும்" என்றாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. சூரியனின் விளிம்பு எழும்பிக்கொண்டிருந்தது. குடத்தைக் கவிழ்த்தேன். மஞ்சள் கொஞ்ச தூரம் கோடாகப் போய்க் கலைந்தது. "தெரியாமல்" என்ற சொல் என் வாயில் வரவில்லை. தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை. பார்க்க ஆசைப்பட்டேன், தெரிந்துதான் ஆசைப்பட்டேன். "பொறுத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். பிறகு கரைக்குத் திரும்பினேன்.

திரும்பும்போது எதிர்பாராமல் அது கண்ணில் பட்டது. வடக்கே கலங்கரை விளக்கத்தின் தலை சிவந்திருந்தது. பனைகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டிருந்தன. கூரைகளுக்கு மேலே புகை பொன்னாகத் தொங்கியது. இது அண்ணன் சொன்ன காட்சி இல்லை, அதன் ஓரம். இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்க்கக் கிடைத்த அளவு. அலை ஒன்று முதுகில் அடித்து என்னை முட்டி போட வைத்தது. எழுந்து மறுபடி பார்த்தேன். என்மேல் பழி போட்ட பெண்களின் முகமெல்லாம் விக்கிரகம் மாதிரி ஒளியாக இருந்தது. ஓரமாக அண்ணன் நின்றிருந்தான். அவன் மேலும் அதே வெளிச்சம்தான் விழுந்திருந்தது. அவனுக்கென்று எதையும் குறைக்கவில்லை. கோயிலில் செதுக்கி வைத்த ஆள் மாதிரி நின்றான்.

கடவுள் பெரியவர் என்பதில் எனக்கு அன்று துளி சந்தேகமும் வரவில்லை. நியாயமானவர் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். சொன்ன வார்த்தையை யார் காப்பாற்றினார்கள், யார் காப்பாற்றவில்லை என்று பார்த்து அந்த வெளிச்சம் விழவில்லை. உடைகள் சொட்டச் சொட்டக் கரையேறினேன். அம்மா துண்டைப் போர்த்தினாள். அண்ணன் என்னவோ சொல்ல வாய் எடுத்தான். நான் அவனைத் தாண்டி நடந்தேன்.

மீன் வந்தது. பருவம் மாறியதால் வந்திருக்கும். குப்பம் என் மஞ்சள் தண்ணீரால் வந்தது என்றது. கிணற்றடியில் இப்போது எனக்கு மரியாதை கூடியிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. செங்கல்பட்டிலேயே ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்தேன். தமிழ் டீச்சரைக் கடைத்தெருவில் இரண்டொரு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டு கூட இருப்பவர்களிடம், "இவங்க ஊர்லதான் நான் அதைப் பார்த்தேன்" என்று சொல்வார். நான் தலையாட்டுவேன். நான் எதைப் பார்த்தேன் என்று அவர் கேட்டதில்லை.

இப்போது திருப்போரூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். லீவுக்கு மட்டும் ஊருக்குப் போவேன். அண்ணனோடு பேசுகிறேன். சண்டை என்று ஒன்றும் இல்லை. அவன் பிள்ளைக்கு நான்தான் சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஆனால் கடலைப் பற்றி மட்டும் அவன் என்னிடம் கதை சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

போன மாதம் அவனே பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தான். கருவாடு கட்டிக்கொண்டு வந்திருந்தான். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் பஸ்ஸைத் திட்டினான், வெயிலைத் திட்டினான். அப்புறம் சொன்னான்:

"இந்த லீவுக்கு வா. மரத்துல இட்டுனு போறேன்."

நான் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றேன்.

"நாட்டார்கிட்டயும் கேட்டுட்டேன். தலையாட்டிட்டாரு. மனசுல வெச்சிகினே இருக்கிறியேன்னு எனக்கும் கஷ்டமாத்தான் கீது." அவன் நிஜமாகவே கஷ்டப்பட்டுத்தான் சொன்னான். கண்ணை என் பக்கம் திருப்பவில்லை.

"அப்ப கூடாது, இப்ப எப்படி ஆவும்?" என்று கேட்டேன்.

"நீ இப்ப டீச்சரம்மா. இங்க தங்கிட்ட. வெளியூரு ஆயிட்டியே." நல்ல செய்தி சொல்கிற மாதிரி சிரித்தான். "கடலம்மா இனிமே உன்னைக் கணக்குல வெக்க மாட்டா."

பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு நாளும் போனதில்லை. அவன் சொன்ன நொடியில் கோயிலின் இரண்டு உச்சிகளும் சவுக்குத் தோப்பும் கண் முன்னால் வந்து நின்றன. வாயைத் திறந்தால் வருகிறேன் என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"வரலண்ணா" என்றேன்.

"இன்னாத்துக்கு? அன்னிக்கு அப்படி அடம் புடிச்ச?"

"கடலம்மா என்னைக் கணக்குல வெக்கட்டும். அப்பவும் ஏத்துவேன்னு நீ சொல்லு. வரேன்."

அண்ணன் கருவாட்டுப் பொட்டலத்தின் கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். பள்ளி மணி அடித்தது. எனக்கு வகுப்பு இருந்தது.